வராதீங்க என்று சொன்ன வாரம்

13, வெள்ளி

மேகமூட்டம். துவைத்த துணி காயவில்லை.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். காலையில் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு ராயர் ஸ்கூட்டரை உதைத்தார், அது படார் என்றது. கல் வீசுகிறார்கள் என்று நினைத்து லிபி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தேன். பாய்வது சுலபம். திரும்பி வர இடுப்பு சம்மதிக்கவில்லை. வாடகைக் கட்டில், கால் குட்டை. மேலே காலில் மாவுக்கட்டோடு லிபி அம்மா (இனி லி.அ.), கீழே நான். அவர் கைத்தடியின் வளைவை என் ஜாக்கெட் முதுகில் மாட்டி இழுத்தார். ஜாக்கெட் கிழிந்தது, ஆள் வந்தேன்.

"யாரை யார் பார்த்துக்கொள்ள உனக்குச் சம்பளம், டங்கா?" என்றார். தங்கமணி அவர் வாயில் டங்கா.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காவேரித் தண்ணீர்ச் சண்டை. நேற்று பெங்களூரில் அடி, இன்று இங்கேயும். தமிழ் ஆட்கள் இருக்கும் தெருவாகப் பார்த்துப் போகிறார்களாம். பஸ் இல்லை. மார்க்கெட் மூடியாயிற்று. ராயர் காம்பவுண்டு சுவர் மேல் தலையை மட்டும் வைத்துச் சொன்னார்: "தங்கம்மா, ஆச்செ பரபேடா. தமிழ் மாத்தாடபேடா. சும்னெ இரு."

வெளியே வராதே. தமிழ் பேசாதே. சும்மா இரு. முதல் இரண்டையாவது முயற்சி செய்கிறேன் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பவர்.

செய்தவை:
– சுவரில் இருந்த தமிழ்க் காலண்டர் பீரோவுக்குப் பின்னால்.
– அலமாரித் தட்டில் விரித்த தமிழ்ப் பேப்பர் எல்லாம் உருவியாயிற்று. டப்பாக்கள் கோபித்துக்கொண்ட மாதிரி கோணலாக நிற்கின்றன.
– ரேடியோ தலையணைக்கு அடியில்.
– இந்த நோட்டு அரிசி டிரம்முக்குள். எழுத எடுப்பது, எழுதியதும் புதைப்பது. பக்கத்தை உதறினால் அரிசி விழுகிறது.

நான் ஏன் சொந்த வீட்டில் இல்லாமல் இந்த விஜயநகர் வீட்டில்? லி.அ. அமெரிக்காக்காரர், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசனம் கற்க மைசூர் வந்தார். தலைகீழாக நின்றபோது ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கணுக்கால் போயிற்று. அன்றிலிருந்து சமையலோடு ராத்தங்கலும் எனக்கு.

எழுந்து நடக்க முடியாததால் தன் குடும்பக் கதையை டைப் அடிக்கிறார். கொள்ளுத்தாத்தா மத்தேயி செக் தேசத்துக்காரர். கப்பல் ஏறி அமெரிக்கா போய், நெப்ராஸ்கா என்ற பொட்டல்வெளியில் விவசாயம். லி.அ. சொல்லிக்கொண்டே அடிப்பார், நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும். மீதியை நானே போட்டுக்கொள்வேன். சில இடங்களில் என்னுடையது நன்றாகவே இருக்கும்.

இன்றைய கதை: நிலம் விற்ற ஏஜென்ட் ஒரு படம் காட்டினான். ஆறு, தோப்பு, மாடு. போய் இறங்கினால் மருந்துக்கு ஒரு மரம் இல்லை. மரம் இல்லாமல் வீடு கட்டுவது எப்படி? தரையைப் புல்லோடு சேர்த்துச் செங்கல் செங்கலாக வெட்டி அடுக்கினார்கள். வெளியே மழை நின்ற பிறகும் வீட்டுக்குள் பெய்துகொண்டிருக்குமாம்.

"அஸ்திவாரம் போட்டாங்களா?" என்று கேட்டேன். நா.மு. கேட்டிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார். லி.அ. தெரியாது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

நா.மு. என்றால் வீட்டுக்காரர். பேரை வாயால் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பாதிதான் எழுதுவேன். கொத்தனார். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபாக்டரிக் கட்டட வேலை, அங்கேயே ஷெட்டில் தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வருவார்.

நாளை சனி. வரக் கூடாது.


14, சனி

தூறல். பால் வரவில்லை. கடுங்காபி. லி.அ. முகம் சுளிக்காமல் குடித்தார், நான் சுளித்தேன்.

ராயர் வீட்டில் போன் இருக்கிறது. நா.மு.வின் கான்ட்ராக்டர் ஆபீஸிலும் ஒன்று உண்டு. பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் போனேன். ராயர் நாற்காலி பிடித்தார். இந்த உடம்பு சுவர் ஏறியதைப் பார்க்க ஒருவர்தான் இருந்தார், அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கன்னடதல்லே மாத்தாடு" என்றார் ராயர். கன்னடத்திலேயே பேசு. அந்தப் பக்கம் போனைச் சுற்றி யார் யார் நிற்கிறார்களோ.

"ஹலோ."

"ஹலோ. நானு."

"யாரு?"

"நானு. தங்கமணி."

"ஓ. நமஸ்கார."

கட்டிய பெண்டாட்டிக்கு நமஸ்காரம்.

"ஊட்டா ஆய்த்தா?" என்றேன். சாப்பாடு ஆச்சா.

"ஆய்த்து. நிம்து ஆய்த்தா?"

உங்களுது ஆச்சா என்கிறார்! கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஏ புள்ள" தவிர வேறு ஒன்றும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் மரியாதை. யாரோ தாசில்தார் சம்சாரத்தோடு பேசுகிற மாதிரி பேசுகிறார். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு கூச்சப்படவில்லை. "ஏனுங்" என்று தொண்டை வரைக்கும் வந்தது. ராயர் உதட்டில் விரல் வைத்தார். விழுங்கினேன். அடி படவில்லையே, ஷெட்டில் யாரும் வந்து மிரட்டவில்லையே, எதையும் கேட்க முடியவில்லை. அதற்கெல்லாம் என்னிடம் கன்னடம் இருக்கிறது, மார்க்கெட்டில் சண்டையே போடுவேன். அவரிடம் சொல்லத்தான் அது வரமாட்டேன் என்கிறது.

"நீவு இல்லி பரபேடி" என்றேன். நீங்கள் இங்கே வராதீங்க.

கரகர. "ஆங்?"

"பரபேடி! பரபேடி!"

"ஆய்த்து ஆய்த்து" என்றார். சரி சரி. லைன் போயிற்று.

அப்பாடா.

திரும்பி வந்து லி.அ.விடம் நடித்துக் காட்டினேன். நமஸ்காரத்துக்கு நன்றாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

அவருடைய அத்தை ரூஷெனா. போர்க்காலம். ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது: இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கூடாது, தெருவில் கூடாது, டெலிபோனிலும் கூடாது. அங்கே அப்போது ஒரே கம்பியில் பத்து வீடு. ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுத்துக் கேட்கலாம். கேட்பார்கள். அத்தையின் தங்கை தள்ளி இன்னொரு பண்ணையில். இரண்டு பேருக்கும் இங்கிலீஷில் முட்டை விலை மட்டும் தெரியும்.

"அப்புறம் என்ன பண்ணினாங்க?"

தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார்களாம். ஹலோ. ஹலோ. அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் பேசாமல் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அவள் மாவு பிசைகிற சத்தம் இவளுக்கு, இவள் பாத்திரம் வைக்கிற சத்தம் அவளுக்கு. முடிந்ததும் குட்பை.

"யார் முதல்ல குட்பை சொல்லுவாங்க?"

லி.அ. யோசித்தார். "அதை யாரும் சொல்லவில்லையே" என்றார்.

நாங்கள் பரவாயில்லை. சாப்பிட்டாச்சா வரைக்கும் போனோம்.


15, ஞாயிறு

மழை இல்லை. வெயிலும் இல்லை.

ராயர் காலையில் தானாகவே கான்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறார். நல்ல சேதி கொண்டுவந்து சொல்லலாம் என்று. சுவர் மேல் தலை வந்தது, பார்வை வேறு எங்கோ.

"ஏனாய்த்து ராயரே?" என்ன ஆச்சு.

நா.மு. அங்கே இல்லை. நேற்று மத்தியானமே கிளம்பிவிட்டாராம். பஸ் இல்லை என்று சொன்னதற்கு நடந்து போகிறேன் என்றாராம். "என் பெண்டாட்டி போன் பண்ணிக் கூப்பிட்டாள். கட்டாயம் வரணும்னு ரெண்டு தடவை சொன்னாள்."

பரபேடி என்றால் வராதீங்க. பரபேகு என்றால் வரணும். வால்தான் வேறு. அந்தக் கரகரப்பில் வால் போய்விட்டது.

தமிழில் சொல்லியிருந்தால்.

நடந்தாலும் நேற்று இருட்டுவதற்குள் வந்திருக்க வேண்டும். நல்ல நடை அவருடையது. என்னை எப்போதும் பின்னால் விட்டுவிட்டுப் போகிற நடை.

லி.அ. கசகசா இருக்கிறதா என்றார். இருக்கிறது, பாயசத்துக்கு வாங்கியது. அவர்கள் வீட்டுப் பணியாரம் ஒன்று சொல்லிக்கொடுத்தார், கொலாச்சி என்று பேர். மாவை வட்டமாகத் தட்டி நடுவில் குழித்துக் கசகசா விழுது வைத்துச் சுடுவது. ஈஸ்ட் இல்லை, சோடா போட்டேன். அடுப்பில் வாணலியைக் கவிழ்த்துச் சுட்டேன். கல்லாகிவிட்டது. சண்டைக்கு எறிய இன்னும் தேவைப்பட்டால் எங்களிடம் இருக்கிறது என்றேன். வாய் அதுபாட்டுக்குப் பேசுகிறது.

கொள்ளுத்தாத்தா சம்சாரம் கசகசாவைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கப்பலில் கொண்டுபோனாளாம். மண்வீட்டுச் சுவர் ஓரமாக விதைத்தாளாம். சரியான ஆள்.

சாயங்காலம் பனிக்காலக் கதை. பனி பெய்தால் முன்னால் நீட்டிய கை தெரியாது. வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக் கயிறு கட்டி வைப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பால் கறந்துவிட்டுப் பிடித்துக்கொண்டே வருவது. கையை விட்டால் தன் வாசலிலேயே வழி தவறிச் சாக வேண்டியதுதான். ஒரு நாள் கொள்ளுத்தாத்தா போனார், கயிறு அறுந்துவிட்டது.

"வந்தாரா?"

"வந்தார். ரெண்டு நாள் கழித்து. கொட்டகையிலேயே மாடுகளுக்கு நடுவில் படுத்திருந்தார்."

"இது நெசமா? எனக்காகச் சேத்துக்கிட்டதா?"

டைப் சத்தம் நின்றது. "பாதி" என்றார்.

எந்தப் பாதி என்று கேட்கவில்லை.


16, திங்கள்

மார்கழி இன்றா நாளையா? காலண்டர் பீரோவுக்குப் பின்னால். எட்டவில்லை.

எழுத ஒன்றும் இல்லை. ஜன்னல், அடுப்பு, ஜன்னல். குக்கரிடம்கூட ரகசியமாகப் பேசுகிறேன், விசில் போட்டால் "உஸ்" என்கிறேன்.

ராயர் ஸ்கூட்டரில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடிபட்டவர்களை வைத்திருக்கிற இடத்தில் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் தமிழ்க் குடும்பங்களைத் தங்க வைத்திருக்கிறார்களாம், அங்கேயும் இல்லை. "இல்லைன்னா நல்லதும்மா" என்றார் கன்னடத்தில். நா.மு. பேருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறாராம். நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், நட்சத்திரம் தெரியவில்லை.

மத்தியானம் கேட் சத்தம். இரண்டு பையன்கள், கையில் கம்பு. நான் பாத்ரூமுக்குள். கதவு இடுக்கில் காது.

"ஒளகெ யாரு இதாரெ? தமிழவரா?" உள்ளே யார், தமிழர்களா?

லி.அ. மாவுக்கட்டுக் காலை ஜன்னல் திண்டில் தூக்கி வைத்துக்கொண்டு, "நோ தமிழ்" என்றார். "செக். ஆல் செக் ஹியர்."

கம்புகளைத் தரையில் ஊன்றிய சத்தம்.

"ஏனந்தெ?" என்று ஒருவன் கேட்டான். என்னவாம்?

"செக் அந்தெ கணோ" என்றான் மற்றவன். செக்காம்டா. பிறகு லி.அ.விடம் ரொம்ப மரியாதையாக: "செக் பேடா மேடம். நாங்க வசூலுக்கு வரலை."

போய்விட்டார்கள். பாங்க் செக் என்று நினைத்துவிட்டார்கள். கதவு இடுக்கு வழியாகவே லி.அ.வுக்குப் புரிய வைத்தபோது அவர் சிரித்ததில் கட்டில் ஆடியது. நானும் சிரித்தேன். பாத்ரூமிலிருந்து வெளியே வர மட்டும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கொலாச்சியை டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். யாருக்கு என்று கேட்காதே.


17, செவ்வாய்

வந்துவிட்டார்.

சேதியை முதலில் எழுதியாயிற்று, இனி ஒழுங்காக. பதினோரு மணி வாக்கில் பின்வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமல் எனக்குத் தெரியாதா. தாடி, தலையில் துண்டு, காலெல்லாம் சேறு. கையில் ஒரு பறங்கிக்காய்.

அதட்ட வேண்டும் என்று மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். பறங்கிக்காயை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஊர் எல்லையில் புகை தெரிந்ததும் சாலையை விட்டு வயலில் இறங்கியிருக்கிறார். ஒரு விவசாயி பார்த்துவிட்டார். கன்னடக்காரர். "ராத்திரி போகாதே" என்று கூட்டிப்போய்ப் படுக்க வைத்திருக்கிறார். காலையில் கிளம்பப் பார்த்தால் அங்கே கிணற்றுக் கைப்பிடிச் சுவர் விண்டு கிடந்ததாம். இவர் பூசிக்கொடுத்திருக்கிறார். சும்மா சோறு தின்ன முடியாதாம். சிமென்ட் காயும் வரை இருந்துவிட்டு வந்தாராம். நான் இங்கே அர்ச்சனைக்கு நட்சத்திரம் தேடிக்கொண்டிருக்கிறேன், அவர் சிமென்ட் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வழியில யாரும் நிறுத்தலீங்களா?"

"நிறுத்தாம? இன்னைக்குக் காத்தால ரிங் ரோட்டுக்கிட்ட நாலு பேரு. எங்க போறேன்னு கேட்டானுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீதான புள்ள எப்பவும் சொல்லுவ, எனக்கு ஹ வராது, அதுலயே தமிழாளுன்னு கண்டுபுடிச்சுருவாங்கன்னு. அதனால ஹ போட்டுப் பேசுனேன்."

"எதுல போட்டீங்க?"

"எல்லாத்துலயும். ஹக்கி தரோகெ ஹோக்தீனின்னேன்."

கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி. ஹக்கி என்றால் பறவை. பறவை வாங்கப் போகிறேன் என்றிருக்கிறார்.

"அட கடவுளே. அப்புறம்?"

"யாவ ஹக்கின்னு கேட்டான் ஒருத்தன். என்னடா, அரிசியில என்ன ரகம்னு கேக்கறான், நல்ல பையனாத்தான் இருக்கான்னு, சோனா மசூரி ஹக்கின்னேன்."

நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். "மண்ட்ய கடெயவனு கணோ, பிட்ரோ" என்றானாம் ஒருவன். மண்டியா பக்கத்து ஆள்டா, விடுங்கடா. அந்தப் பக்கத்துக் கிராமத்து ஆட்களும் ஹ இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு இல்லாத இடத்தில் போடுவார்கள். ஒருவன் பீடிகூடக் கொடுத்தானாம்.

"எதுக்குச் சிரிச்சானுங்கன்னுதான் தெரியல" என்றார்.

நான் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். தேவைக்கு மேலேயே நறுக்கினேன்.

சாப்பிடும்போது கேட்டேன். "நான் வராதீங்கன்னுதானுங்களே சொன்னேன்."

"வரோணும்னு கேட்டுது."

"காது அப்பிடி."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ எதுக்குப் போன் பண்ணுவ? வரச் சொல்லத்தான்."

கொலாச்சி வைத்தேன். கடித்தார், கன்னத்தைத் தடவிக்கொண்டார், "இத யாரு பூசுனது?" என்றார். லி.அ.வுக்கு மொழிபெயர்க்கவில்லை.

லி.அ. அவரிடம் மண்வீட்டு விவகாரத்தைக் கேட்கச் சொன்னார். புல்லோடு வெட்டின மண்கட்டி, அஸ்திவாரம் உண்டா இல்லையா தெரியாது, நிற்குமா? நா.மு. ரொம்ப யோசித்தார். "நிக்காதுங்க."

நின்றது, அவர்கள் பிள்ளைகள் பெரிதாகும் வரை நின்றது என்றார் லி.அ.

"அப்பச் சரி. மண்ணு நல்ல மண்ணு" என்றார் இவர். லி.அ. அதை அப்படியே டைப் அடித்தார்.

பிறகு நான்தான் ஆரம்பித்தேன். ஊருக்கே போய்விடலாமா என்று.

"எந்த ஊருக்கு? நம்ம ஹனூரும் இதே ஜில்லாதான் புள்ள. இங்கிருந்து இங்கயே எப்பிடி ஓடறது?"

அதுவும் சரி. லி.அ.விடம் கேட்டேன், உங்கள் ஆட்கள் திரும்பிப் போனார்களா என்று. இல்லையாம். பேரைத்தான் மாற்றிக்கொண்டார்களாம். எழுத்து அதேதான், நடுவில் ஒரு சத்தத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ர-வும் ஷ-வும் ஒரே மூச்சில் சேர்ந்து வர வேண்டுமாம். வெளியாட்களுக்கு வராது, கேட்டால் சிரிப்பார்கள். விட்டார்கள். இப்போது லி.அ.வுக்கே வரவில்லை. முயன்று பார்த்தார், எச்சில் தெறித்தது. எனக்கும் வரவில்லை. நா.மு. மட்டும் வெற்றிலை வாயோடு என்னவோ சொன்னார், லி.அ. நிமிர்ந்து உட்கார்ந்து, "அதான்! அதேதான்! இன்னொரு தடவை!" என்றார். இன்னொரு தடவை அவருக்கும் வரவில்லை.

நா.மு.வுக்கு என் கட்டளை: யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. தமிழில் கூப்பிட்டால் கட்டாயம் திறக்கக் கூடாது. ஆள் இருக்கிறதா என்று பார்க்க அப்படிச் செய்கிறார்களாம், ராயர் சொன்னார். யார் என்று கன்னடத்தில் கேளுங்க, யாரும் இல்லை என்று கன்னடத்தில் சொல்லுங்க. சரி புள்ள என்றார். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் சரி.


18, புதன்

வெயில். நல்ல வெயில். துணி அத்தனையும் காய்ந்துவிடும்.

பஸ் ஓட ஆரம்பித்திருக்கிறது. தெருமுனையில் பால் வந்துவிட்டது, கூட்டமாகக்கூட இல்லை என்று ராயர் குரல் கொடுத்தார். லி.அ. காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு குளிக்கப் போனார். அது ஒரு மணி நேர வேலை. நான் போய் வருகிறேன் என்று நா.மு.விடம் சொன்னேன். ம் என்றார், ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்து நாள் கழித்துத் தெரு. எல்லாம் அப்படியே இருந்தது, எனக்குத்தான் கால் தடுக்கியது. பால்காரன் சில்லறை கேட்டான், கொடுத்தேன். இரண்டு பாக்கெட். திரும்பி வந்தால் கதவு உள்தாழ்ப்பாள்.

தட்டினேன். "ஏனுங்."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும். அது லி.அ.

"ஏனுங், நாந்தானுங். கதவத் தெறங்க."

"யாரு?" என்றார் கன்னடத்தில்.

"நாந்தானுங்! தங்கமணி!"

"யாரூ இல்ல."

"உங்க பொண்டாட்டிங்!"

சற்று யோசித்த மாதிரி இருந்தது. "ஹெண்டதி ஹூரல்லி ஹில்ல" என்றார்.

மனைவி ஊரில் இல்லையாம். முதல் ஹ சரி, மற்ற இரண்டும் வேண்டாத இடத்தில்.

நடுத்தெருவுக்குக் கேட்கிற மாதிரி தமிழில் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டாம். ராயர் சுவர் மேல் தலையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து இன்னொரு தடவை யாரூ இல்ல வந்தது.

லி.அ. குளித்து முடிக்கும் வரை படியில் உட்கார்ந்தேன். ஒரு பாக்கெட்டில் ஓட்டை. பாதி புடவையில், பாதி படியில். பக்கத்து வீட்டுப் பூனை வந்து படியில் உள்ளதைக் குடித்தது. இன்னொரு பாக்கெட் நன்றாக இருக்கிறது.